பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றுக

ஐயா,

வம்சாவளி தேடுவோருக்காக, பழைய வட ஆற்காடு மாவட்டப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். 100 ஆண்டு கடந்த பிறப்பும் 50 ஆண்டு கடந்த இறப்பும் போதும்.

பெயரை மட்டும் நம்பித் தேடல் அமைத்தால் பயனில்லை. பெயர் சூட்டும் முன்பே பதிந்த இடங்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். தந்தை பெயர், தெரு, தேதி மூன்றாலும் தேட வழி வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரே முனுசாமி மூன்று விதமாக வருவார். அதற்கும் இடம் கொடுங்கள். ஊரோடு அன்றைய தாலுகாவையும் மாவட்டத்தையும் குறிப்பது அவசியம்: 1911-ல் சித்தூர், 1989-ல் திருவண்ணாமலை, 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் பிரிந்துகொண்டே வந்திருக்கிறது.

நொறுங்கும் தாளைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னர் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது மிகக் கடினம். மேலிருந்து 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணப் படமாக எடுத்தால் மங்கிய மையும் தெரிய வாய்ப்புண்டு.

வாசகர்கள் சிலர்,
வேலூர்