கயல் பள்ளிக்கூட விஷயமாக அக்காவுக்கு

சிங்கப்பூர்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு, செல்வி எழுதுவது.

இங்கு நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலமா? மல்லிகா கொண்டுவந்த பொட்டலம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. நார்த்தங்காய் ஊறுகாய் சிந்தாமல் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கடியில் உன் கடிதம். போனில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, கயல் விஷயத்தைக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். கயல் பக்கத்தில் இருந்திருப்பாள், புரிகிறது. நானும் அதனால்தான் எழுதுகிறேன். மல்லிகாவின் நாத்தனார் புதன்கிழமை ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே குளிரே கிடையாது, வெயிலும் மழையும் நம்மூர் மாதிரிதான். ஸ்வெட்டர் வேண்டுமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாளாமே, வேண்டாம் என்று சொல்லிவிடு. பன்னிரண்டாவது மாடியில் எனக்கென்று தனி அறை இருக்கிறது. போர் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் பதுங்குவதற்காகக் கட்டியது. கனமான இரும்புக் கதவு, சன்னல் இல்லை, மின்விசிறி இருக்கிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி தனியாக இருக்கிறார். சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டுவார், என் கையில் ஓர் ஆரஞ்சைக் கொடுப்பார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மேடம் திறந்தால் கொடுக்க மாட்டார், என்னைக் கூப்பிடச் சொல்வார். இவர்களுக்கு இப்போது ஏழாம் மாதம், இறந்தவர்கள் வந்து போகிற மாதம். கீழே தகரத் தொட்டியில் காகிதப் பணத்தை எரித்து, சோறும் பழமும் வைத்து ஊதுபத்தி கொளுத்துகிறார்கள், நம் ஆடி அமாவாசைப் படையல் போல. தன் ஆட்களுக்கு வைத்துவிட்டு, கேட்க நாதியில்லாத ஆவிகளுக்கும் ஒரு பங்கு தனியாக வைத்தார் பாட்டி. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோர் கூட்டத்துக்குப் பெரியம்மா வர வேண்டாம் என்று என் மகளே சொன்னாள் என்கிறாய். நூறு நாள் வேலையிலிருந்து அப்படியே வந்துவிடுவாய் என்று பயந்தாளாம். அம்மா சிங்கப்பூரில் ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று தோழிகளிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம். ஊட்டி டூருக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் காய்ச்சல் என்று படுத்தாளே, அது காய்ச்சல் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் மனசு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்குக் குலுக்கல் நடந்தபோது, வருமானச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வாசலில் நாள் முழுக்க நின்றவள் நீ. ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வீட்டுப் பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு முடிவில் இங்கே பெரிய பரீட்சை. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி என நான்கு பாடம். எந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் என்பது அந்த மதிப்பெண்ணில்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் டியூஷன், மேடம் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தமிழ் மட்டும் என்னோடு வாசிப்பாள். இடி இடித்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் பிறந்தநாளுக்குத் தோழிகள் வந்திருந்தார்கள். கேக் வெட்டியதும் எனக்கு ஒரு துண்டு எடுத்து வந்தாள். அடுக்களைக்குள் வந்து கொடுத்துவிட்டுப் போனாள், கூடத்துக்கு வாங்க என்று கூப்பிடவில்லை. யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் யாரை எங்கே நிற்கவைக்கிறோம் என்று பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கயலுக்கு உன்மேல் இல்லை என்று நீயும் நினைக்காதே. கார் வந்து நிற்கிற வாசலில் தினமும் தனியாக நின்று பழகிய பிள்ளை அவள்.

பாப்பாவுக்குத் தலை பின்னும்போது, கயலுக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கை தானாக அளக்கிறது. போட்டோவில் எல்லாம் முகம்தான் தெரிகிறது. அடுத்த முறை திரும்பி நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு அக்கா. மறக்காதே.

அப்புறம் ஒன்பதாம் வகுப்பு. சட்டப்படி எட்டு வரைதான் கட்டணம் இல்லை, அதற்கு மேல் முழுசாகக் கட்டச் சொல்வார்கள். அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். காசுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் விசாரித்துவிட்டேன். இந்த 25 சதவீதத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் அவளுக்கும் உண்டு. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் வருவாள். ஆனால் உன் முடிவு, என் முடிவு என்று வைக்க வேண்டாம். அவளையே கேள். வேண்டாம் என்று அழுதால் நான் வேறு வழி பார்க்கிறேன்.

கூட்டத்துக்கு நீ போக வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போகாதே, அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போ. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, திடீரென்று போய் நிற்காதே. நான் வீட்டு வேலைதான் செய்கிறேன் என்று தோழிகளிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம், அதைப் பற்றி நீ எதுவும் கேட்காதே. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், பிரிக்காமல் கொடு.

கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த சங்கிலியை இந்த வருஷம் மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் வைத்துவிடு, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். சின்ன மாமா வீட்டுக் காதுகுத்துக்கு என் பேரில் 501 ரூபாய் மொய் எழுது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் மெடிக்கலில் என்ன தேதி சொன்னார்கள் என்று எழுது. அத்தானை மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புத் தங்கை,
செல்வி