பட்டாளத்துல கே பசங்க இருந்தா ஒழுங்கு கெட்டுடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல சாட்ஸ்வர்த் வாசகர் ஒருத்தர் எழுதுன கடிதம் பாத்தேன். கே பசங்கள (ஆம்பளையே விரும்புற ஆம்பளைங்கள) பட்டாளத்துல வெளிப்படையா இருக்க விட்டா ஒழுங்கு போயிடும், இந்திய ராணுவமே வேணாம்னுடுச்சு, அமெரிக்காவே திருந்தி மறுபடி தடை போட்டுடுச்சு, நம்ம தென்னாப்பிரிக்காவும் யோசிக்கணும்னு எழுதிருக்கார். இதுல யோசிக்க என்ன இருக்கு? 1996 அரசியல் சட்டம் 9-வது பிரிவுலயே பாலீர்ப்பைக் காரணங்காட்டி அரசு யாரையும் ஒதுக்கக்கூடாதுனு இருக்கு, பட்டாளமும் அரசுதானே சார்.

இந்தியா விஷயம் உண்மைதான், 2018 செப்டம்பர்ல அங்க சுப்ரீம் கோர்ட் சம்மதத்தோட நடக்குற ஓரினச்சேர்க்கைக்கு 377-வது சட்டப்பிரிவு செல்லாதுன்னு சொல்லியும், அடுத்த ஜனவரில தளபதி பிபின் ராவத் ராணுவத்துல இதெல்லாம் விடமாட்டோம்னுட்டார். ஆனா அமெரிக்கா கதைய சாட்ஸ்வர்த் வாசகர் குழப்பிக்கிட்டார், வாட்ஸ்அப்ல வந்ததுனு நினைக்கிறேன். 2025ல ட்ரம்ப் தடை போட்டது திருநங்கை, திருநம்பி வீரர்களுக்கு (அதுவும் அநியாயம்தான், அது தனிக்கதை). கே வீரர்கள் 2011 செப்டம்பர்ல இருந்து அங்க ஒளிவுமறைவு இல்லாம வேலை பாக்குறாங்க. அதுக்கு முன்னாடி 1993ல இருந்து வாயத் திறக்காம இருந்தா இரு, தெரிஞ்சா வெளிய போன்னு சட்டம் வெச்சு பதிமூணாயிரம் பேருக்கு மேல அனுப்புனாங்க, அரபி தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர்களக் கூட, அதுவும் ஈராக்ல சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே!

ஒழுங்குன்னு சொல்றாரே, 1994ல நம்ம பட்டாளத்த எப்படி உண்டாக்குனாங்கனு அவருக்கு ஞாபகம் இருக்கா? பழைய வெள்ளைக்கார அரசோட படை, அதை எதிர்த்துச் சண்டை போட்ட ஏஎன்சி கட்சியோட எம்கே, பிஏசி கட்சியோட ஆப்லா, கறுப்பர்களுக்குன்னு ஒதுக்கி வெச்ச நாலு பாண்டுஸ்தான் பகுதிகளோட படைகள், மொத்தம் ஏழு. நேத்து வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் சுட்டவங்க ஒரே பாரக்ஸ்ல படுத்து எந்திரிச்சாங்க. அதயே தாங்குன பட்டாளம் பக்கத்து கட்டில்காரன் யாரை லவ் பண்றான்னு தெரிஞ்சா உடைஞ்சிடுமாக்கும். இன்னைக்கு அதுக்கு இருக்குற சீக்கு பணம், கப்பல் விமானம் ரிப்பேர் பண்ணவே காசு இல்ல.

என் அக்கா மகன் பட்டாளத்துலதான் இருக்கான். நெருங்கிய உறவு யாருன்னு கேக்குற ஃபாரத்துல கூட வாழுற பையனோட பேரை எழுதிக் குடுத்தான், கவுன்டர்ல இருந்த ஜூலு அம்மா ஐடி நம்பர்ல ஒண்ணு தெளிவா இல்ல, திருப்பி எழுதுன்னாங்க, அவ்வளவுதான். சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரில காங்கோவுல கோமா பக்கம் நம்ம வீரர்கள் 14 பேர் செத்தாங்களே, அந்த மாதிரி ஒண்ணுன்னா முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு அந்த ஃபாரத்தப் பாத்துதான் போவாங்க. எங்க வீட்டுலதான் இன்னும் அந்தப் பையனை ஃப்ரெண்டுன்னு சொல்றோம், தைப்பூசத்துக்கு வந்து பால்குடம் எடுத்தவனுக்குப் பந்தியில பக்கத்துல உக்கார ஆள் இல்ல. பட்டாளத்துக்கு இருக்குற பக்குவம் நமக்கு இல்லன்னு சொன்னா என் அக்காவுக்குக் கோவம் வரும், வரட்டும்.

இன்னொண்ணு, பழைய பட்டாளம் எப்படி இருந்துச்சுன்னும் அந்த வாசகர் கொஞ்சம் படிக்கணும். பிரிட்டோரியா ஒண்ணாம் நம்பர் மிலிட்டரி ஆஸ்பத்திரில 22-வது வார்டுன்னு ஒண்ணு. எழுபதுகள், எண்பதுகள்ல கட்டாய சேவைக்குப் போன வெள்ளைக்காரப் பசங்கள்ல கேன்னு சந்தேகப்பட்டவங்கள அங்க கொண்டுபோய் ஆம்பள படத்தக் காட்டி கரண்ட் ஷாக் குடுத்தாங்க, வலி தாங்காம கத்துற வரைக்கும் ஏத்துனாங்க, அப்புறம் ஷாக்க நிறுத்திட்டு பொம்பள படம், இதுக்குப் பேரு வைத்தியம். நிறவெறி ஆட்சிக் கொடுமைகள விசாரிச்ச உண்மை ஆணையம் வரைக்கும் போன விஷயம் இது. நம்ம இந்திய வம்சாவளிப் பசங்களுக்கு அப்ப கட்டாய சேவை கிடையாது, அதனால வெள்ளைக்காரன் வீட்டுக் கதைன்னு விட்டுட்டோம் போல.

அந்த வார்டைப் பத்தி நம்ம பத்திரிகைல ஒரு கட்டுரை போடுங்க சார், தமிழ்ல யாரும் எழுதி நான் படிச்சதில்ல. சாட்ஸ்வர்த் வாசகர் அதப் படிச்சிட்டு பதில் எழுதட்டும், நானும் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன்