பெயின்ட் பூசும் முன் எஞ்சினை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தோட்டம் ஒன்றின் கோயில் வளாகத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டரைப் பற்றி அண்மையில் உங்கள் இதழின் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். எஞ்சின் செத்துவிட்டதால் வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி, பட்டணத்தின் நுழைவாயிலில் நினைவுச் சின்னமாக நிறுத்தலாம் என்பது அவருடைய யோசனை. நினைவுச் சின்னம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தோட்டப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில், 'எஞ்சின் செத்துவிட்டது' என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நானறிந்த வரையில் அந்த எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, இதுவரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்காமலே சாவோலை எழுதிவிட்டார்கள்.

இவ்வகை டிராக்டர் 1964-இன் இறுதியிலிருந்து 1975 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரானது. டீசல் வண்டிகளில் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் கொள்ளளவு 152 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர். சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 5 அங்குலம். ஓட்டம் இத்தனை நீளமாக இருப்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். 1917-இல் மலேசியாவில் முதன்முதலாகச் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் உள்ளது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்க வேண்டிய கட்டாயத்தில், மழைக்காலச் சேற்று வழியில் டிரெய்லரை இழுத்துச் சென்றவர்களுக்கு அந்த இழுவையின் அருமை தெரியும். பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்ற பேச்சும் உண்மையன்று. 135-க்குப் பின் வந்த மாஸி 240-இலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. அந்த வண்டியை லாகூரின் மில்லட் தொழிற்சாலை நெடுங்காலம் தயாரித்தது. சென்னையின் சிம்ப்சன் நிறுவனமும் பெர்கின்ஸ் உரிமத்தோடு எஞ்சின்களைச் செய்தது. ஆகவே லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் விலைக்கு வருகின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இதே போல் எஞ்சின் சுழலாமல் இறுகிக் கிடந்த 135 ஒன்றை நானும் பக்கத்துத் தாமான் இளைஞர் இருவரும் பிரித்துச் சேர்த்தோம். அது இறுகிய காரணம் மிக எளியது. நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் வாயை யாரும் மூடவில்லை. எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் எந்தச் சிலிண்டரின் புகைவால்வு திறந்திருக்கிறதோ, அதற்குள் மழைநீர் இறங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உட்சுவராக இருக்கும் லைனரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வண்டியில் மூன்றாம் சிலிண்டருக்கு அந்தக் கதி நேர்ந்தது. மற்ற இரண்டிலும் துரு இல்லை. தோட்டத்தில் வேலை முடிந்ததும் புகைக்குழாயின் மேல் காலிப் பால் டின்னைக் கவிழ்த்து வைப்பது டிரைவர்களின் வழக்கம். அந்த டின் ஒன்று குறைந்ததற்கு நாங்கள் மூன்று மாதம் உழைத்தோம்.

இறுகிய எஞ்சினை லோரியில் கட்டி, கியரில் போட்டு இழுத்துச் சுழல வைத்துவிடலாம் என்று கோயிலில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரிங் உடையும், கனெக்டிங் ராட் வளையும். பிழைக்க வேண்டிய எஞ்சினை நாமே கொல்வதாகிவிடும். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்து மெல்லத் தட்டினால் போதும். எங்களுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த கட்டத்தைப் பற்றித்தான். நான் பணியிலிருந்த காலத்தில், தோட்டத்து வண்டி ஒன்று வெளிப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, 'ஓவர்ஹால்' ஆகிவிட்டது என்ற பில்லோடு திரும்பி வந்தது. நான்கு மாதத்தில் நீலப் புகை, அதாவது எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. திறந்து பார்த்தால், தேய்ந்த பழைய லைனரில் புது ரிங்கை மட்டும் போட்டிருந்தார்கள். லைனரின் மேற்பகுதியில், ரிங் எட்டாத இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகமாக இருக்கும். அதனால் அங்கே ஒரு விளிம்பு உண்டாகும். பழைய ரிங் தேய்ந்து தேய்ந்து அந்த விளிம்போடு ஒத்துப் போயிருக்கும். கூர்மையான புது ரிங் அதில் மோதி உடைந்துவிடும். அந்த வண்டியிலும் மேல் ரிங் மூன்றில் இரண்டு உடைந்திருந்தன. மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்த அடையாளமே அந்த வேலையில் இல்லை.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தௌ' என்போம். லைனரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க்; அதில் பேரிங்குக்குள் சுழலும் ஒவ்வொரு கழுத்தையும் இரு திசையில் அளந்தால்தான் அது வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று தெரியும். எங்கள் கிராங்கில் மூன்று தௌ வேறுபாடு இருந்தது. ஆகவே லேத்துப் பட்டறையில் கொடுத்துப் பத்து தௌ குறைத்து அரைத்து, அதற்கேற்ற பேரிங் வாங்கினோம். பேரிங்கின் முதுகில் அளவு பொறித்திருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் அதைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒருமுறை எனக்குப் பெட்டி பொய் சொல்லியிருக்கிறது. இந்த எஞ்சினின் லைனர் நீர் படாத மெல்லிய வகை. புது லைனரைப் பிளாக்கில் இறக்கிய பின் மறுபடியும் அளக்க வேண்டும். பிளாக்கில் துருவோ அழுக்கோ இருந்தால் அது லைனரை நெருக்கிக் கோணலாக்கிவிடும்.

கிராங்கைக் கழற்ற வேண்டுமானால் டிராக்டரையே இரண்டாகப் பிளக்க வேண்டும். இவ்வண்டிக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, அவையே வண்டியின் உடலாக நிற்கின்றன. முன் அச்சு நடுவில் ஓர் ஆணியில் ஆடுவது. அதன் இருபுறமும் மர ஆப்பு அடித்த பிறகே பிளக்க வேண்டும். இல்லையேல் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்து ஆள் மேல் விழும். பிளந்த கையோடு கிராங்கின் பின்புறத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் கயிற்று 'சீல்' ஒன்றையும் கிளட்ச்சையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஏனெனில் இன்னொரு முறை பிளக்க யாருக்கும் மனம் வராது.

டீசல் பம்ப்பை மட்டும் நாங்கள் தொடவில்லை. டீசலே அதற்கு மசகெண்ணெய். பழைய டீசலும் தண்ணீரும் உள்ளே தங்கினால் அதன் பாகங்கள் ஒட்டிக்கொள்ளும். சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் கடையில் கொடுத்து, டீசலைத் தெளிக்கும் நோசில்களையும் அங்கேயே அழுத்தம் பார்க்கச் சொன்னோம். இன்று நம் நிலையங்களில் கிடைப்பது செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்த டீசல். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறி இளகிவிடும் என்பதால் அனைத்தையும் மாற்றினோம். தன் வாழ்நாள் முழுதும் செம்பனையைச் சுமந்த வண்டியின் ரப்பரைச் செம்பனையே தின்றுவிடுகிறது.

ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி இறுக்கி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் பன்னிரண்டு தௌ வைத்தோம். நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, எண்ணெய் அழுத்த முள் எழும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டு, அதன் பிறகே எஞ்சினை எழுப்பினோம். சூடானதும் ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வையும் சரிபார்த்தோம். புது ரிங் லைனரில் உட்கார வேண்டுமானால் எஞ்சினுக்குச் சுமை வேண்டும். கோயில் வாசலில் மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிட்டு அழகு பார்த்தால் லைனர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, மீண்டும் புகை கிளம்பும். எங்கள் வண்டியை முதல் வாரத்திலேயே குலை ஏற்றிய டிரெய்லரில் பூட்டினோம்.

கோயில் நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான். பெயின்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு முதலில் ஹெட்டையும், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பையும் கழற்றி அளக்கச் செய்யுங்கள். பிளாக் வெடித்திருந்தால் நானே முன்னின்று பெயின்ட் அடிக்கிறேன். வெடிக்கவில்லையென்றால், அடுத்த திருவிழாவில் இரதத்தை அந்த வண்டியே இழுக்கலாம். என்னிடமுள்ள அளவுக்கருவிகளையும் பட்டறைக் கையேட்டையும் தருகிறேன், சனிக்கிழமைகளில் வருகிறேன். கற்றுக்கொள்ள விருப்பமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் அனுப்பி வையுங்கள். அதுவரை, யாராவது இன்று மாலையே அந்தப் புகைக்குழாயின் மேல் ஒரு பால் டின்னைக் கவிழ்த்து வைத்தால் நன்றாயிருக்கும், மழை தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறை பிட்டர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.