சுவரில் கை வைக்கும் முன்

அன்பு மகனுக்கு,

நம் டர்பன் வீட்டை மாற்றிக் கட்ட நீ அனுப்பிய படத்தை அம்மாவும் நானும் நிதானமாகப் பார்த்தோம். அடுப்படிக்கும் லவுஞ்சுக்கும் நடுவே சுவர் இல்லை, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, யார்டு முழுக்கப் பேவிங் என்று கல் பதித்த தரை. ஜோகன்னஸ்பர்க்கில் பாடுபட்டுச் சேர்த்த காசை எங்களுக்காகப் போடுகிறாய். அதில் ஒரு ராண்டும் வீணாகக் கூடாது. கொத்து வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். எத்தனையோ வீடுகளில் பார்த்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

படத்தில் கூரையைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை. 1960களில் டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து நம் ஜனங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது தாத்தாவுக்குக் கிடைத்த வீடு இது. அன்று போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இன்றும் தலைக்கு மேலே இருக்கிறது. சும்மா கிடக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. துளை போட்டாலோ, கிரைண்டரால் அறுத்தாலோ, பிரஷர் வாஷரால் கழுவினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். இந்தத் தென்னாப்பிரிக்காவில் 2008இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தார்கள். பழைய கூரையைக் கழற்றுவதற்கென்று 2020இல் தனி விதிமுறையே வந்தது. அதற்குப் பதிவு பெற்ற ஆட்கள்தான் கழற்ற வேண்டும், அவர்களே அதற்குரிய இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டும். பக்கியில், அதாவது சின்னச் சரக்கு வண்டியில், ஏற்றி எங்காவது தள்ளிவிடுகிறேன் என்று எவனாவது மலிவாக விலை சொன்னால் வாசலிலேயே நிறுத்திவிடு. உள்ளே புது சீலிங், புது விளக்கு எல்லாம் போட்டு முடித்த பிறகு கூரையைப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் இரண்டு முறை செலவு. முதலில் கூரை, அப்புறம்தான் மற்றது.

அடுத்தது அந்த நடுச்சுவர். அது வெறும் தடுப்பு என்று உன் டிராஃப்ட்ஸ்மேன் எதை வைத்துச் சொன்னார்? வந்து சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தாரா? கூரை மரங்கள் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எஞ்சினியர் ஒருவர் கணக்குப் போட்டு, பீம் வைத்து, அந்தப் பாரம் இறங்கும் இரண்டு முனையையும் பலப்படுத்திவிட்டு எடுக்கலாம். அம்மாவுக்கு வேண்டியது அடுப்படியில் வெளிச்சம். அதற்கு ஒரு பெரிய ஜன்னலே போதும் என்பது என் எண்ணம்.

அந்த ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதையும் யோசி. இந்தியாவிலிருந்து வரும் வீட்டுப் படங்களைப் பார்த்துப் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சூரியன் தெற்கே போகும், நமக்கு வடக்கே போகிறது. நீ கண்ணாடிக் கதவு போட்டிருக்கும் பின்பக்கம் தெற்கு. ஜூன், ஜூலையில் அங்கே ஒரு பொட்டு வெயில் விழாது. தென்மேற்குக் காற்று குளிர் மழையைக் கொண்டுவந்து அடிப்பதும் அந்தப் பக்கம்தான். அந்தச் சுவரில் இப்போதே பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஜன்னலை வடக்கே வைத்து, மேலே சின்னதாக ஒரு சன்ஷேடு இறக்கிவிட்டால் போதும். குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயில் உள்ளே வரும், கோடையில் உச்சியில் நிற்கும் வெயில் வராது.

பூஞ்சணத்தின் மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லாதே. ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா, குழாய் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிர்காலம் காய்ந்த காற்று. டர்பன் காற்றில் எப்போதும் ஈரம். அங்கே நன்றாக நிற்கும், மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு அலமாரி இங்கே அடுப்படியில் ஊதிப் போகும்.

பேவிங் விஷயத்தில் நான் சம்மதிக்க மாட்டேன். 2022 ஏப்ரல் மழை உனக்கு மறந்திருக்காது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். நம் வீடு சரிவில் நிற்கிறது. மண்ணை முழுக்க மூடிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? கீழ் வீட்டுச் சுவரைத்தான் போய்த் தள்ளும். பின்பக்கத் தடுப்புச் சுவரில் நீர் வெளியேற ஓட்டை இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஜல்லி போட வேண்டும். தேங்கி நிற்கும் ஈர மண்ணின் கனம்தான் இப்படிப்பட்ட சுவர்களைச் சாய்க்கிறது. மழைத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடவும் கூடாது, அது சட்டப்படி தப்பு. கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் பேவிங் போடு. கறிவேப்பிலை மரமும் அதைச் சுற்றி இருக்கும் மண்ணும் அப்படியே இருக்கட்டும்.

குளியலறையில் டைல் ஒட்டுவதற்கு முன் வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டால், தரையின் சரிவு அந்த ஓட்டையை நோக்கி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒயரிங்கைப் பதிவு பெற்ற எலக்ட்ரீசியனைத் தவிர யாரும் தொடக் கூடாது. முடித்ததும் அவரிடம் சர்டிபிகேட் வாங்கு. தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். வீட்டை விற்கும்போதும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டருக்குப் பாதிப் பணம் கொடுப்பதாகச் சொன்னாயே, கொடுக்காதே. முனிசிபாலிட்டியில் பிளான் பாஸ் ஆகாமல் ஒரு கல்லும் நகரக் கூடாது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மேலே இழுத்தாலும் பொறுத்துக்கொள். அதன் பிறகு வேலை முடிய முடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கடைசிப் பங்கை நல்ல மழை ஒன்று பெய்து கூரை ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு கொடு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கில் எழுதாமல் தனியே வை. பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு மாமாவிடம் பேசிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரைதானே. ஒன்றாகக் கழற்றினால் செலவில் பாதியைத் தருகிறேன் என்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கும் ஆட்கள் மூன்று பேரிடமாவது விலை கேட்டு, அவர்களுடைய பதிவுக் காகிதத்தோடு எனக்கு அனுப்பு. அவரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா