தியோமன் வார இறுதிப் பயணம்: பணம் திரும்பக் கோரிப் புகார்

அனுப்புநர்: முதுநிலை மாணவி, சிங்கப்பூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: செப்டம்பர் கடைசி வார இறுதியில் நடந்த, மலேசியாவின் தியோமன் தீவுப் பயணம்

வணக்கம்.

உங்கள் விளம்பரம் தமிழில் வந்தது, பதிலும் தமிழில் வந்தது. அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதிலில், படகு தாமதமானது "இயற்கைச் சூழல்" என்றும் அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும் சொல்லியிருந்தீர்கள். கூடவே 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பற்றுச்சீட்டு (வவுச்சர்). இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் விற்ற திட்டம் இது. வெள்ளிக்கிழமை இரவு 11.30க்குப் பேருந்து, காலை 5 மணிக்கு மலேசியக் கரையில் மெர்சிங் படகுத்துறை, 7 மணிக்குப் படகு, 9 மணிக்குத் தீவில் சாலாங் கிராமம். 10 மணிக்குத் துலாய் தீவுப் பக்கம் முக்குளிப்பு. ஞாயிறு மதியம் 2.30க்குத் திரும்பும் படகு. "இரண்டு நாள் கடல், கவலையே வேண்டாம்" என்று மேலே பெரிய எழுத்தில். விலை 189 வெள்ளி, எல்லாக் கட்டணமும் உட்பட. பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 16 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க மாணவர் அட்டையில் எங்களுக்கு அனுமதி இல்லை. 189 வெள்ளி எங்களுக்கு எப்படிப்பட்ட தொகை என்று மாணவர்களுக்கென்றே பயணம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிநுழைவிலேயே ஆரம்பித்துவிட்டது. "பாஸ்போர்ட் மட்டும் போதும்" என்று எழுதியிருந்தீர்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா செல்ல விசா வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும். அது இலவசம், சில நிமிட வேலை. முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். பேருந்தில் வந்தவர்களில் ஒன்பது பேர் ஜொகூர் பக்கம் ஓரமாக நின்று, நள்ளிரவு தாண்டிக் கைப்பேசியில் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் பேருந்தில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. சரி, இதற்கு நான் பணம் கேட்கவில்லை. விளம்பரத்தை மட்டும் திருத்துங்கள்.

மெர்சிங்கை அடைந்தபோது மணி 5.40. படகுத்துறை பூட்டியிருந்தது. உங்கள் வழிகாட்டி "ஏழு மணிக்குப் படகு, அதற்குள் டீ குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் தூங்கப் போய்விட்டார். டிக்கெட் முகப்பு திறந்ததும் அங்கிருந்த அம்மா சிரித்தார். முதல் படகு 11.30க்குத்தான். கடல் வற்றியிருக்கிறது, படகு வெளியே போகாது என்றார். அப்போது மழை இல்லை, காற்றும் இல்லை.

இதைத்தான் நீங்கள் இயற்கைச் சூழல் என்கிறீர்கள். மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே ஆழம் குறைவு, கடல் ஏறும் நேரத்தில்தான் பெரிய படகுகள் போய்வர முடியும். அதனால் படகு நேரம் தினமும் மாறும். நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் ஏற்றவற்றத்தை ஓர் ஆண்டுக்கு முன்பே கணக்கிட்டு அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். புயல் வந்து படகு நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அன்று படகு நிற்கவே இல்லை. அது கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் கிளம்பியது, அந்த நேரம் என்ன என்று நீங்கள் பார்க்கவில்லை. முகப்பின் கண்ணாடியில் அந்த மாதம் முழுவதற்குமான நேரப் பட்டியல் ஒட்டியிருந்தது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எங்கள் சனிக்கிழமைக்கு நேராக 11.30 என்று தெளிவாக இருக்கிறது.

ஆறு மணி நேரம் மெர்சிங்கில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கடல்சார் பூங்காக் கட்டணம் என்று ஆளுக்கு 30 ரிங்கிட் ரொக்கமாகக் கட்டச் சொன்னார்கள். "எல்லாக் கட்டணமும் உட்பட" என்றீர்களே என்று வழிகாட்டியைக் கேட்டால், அது அரசாங்கக் கட்டணம் என்றார். அரசாங்கக் கட்டணமும் கட்டணம்தானே? அப்புறம் கெந்திங், பாயா, தெக்கெக் என்று ஒவ்வொரு துறையிலும் ஆட்களை இறக்கிவிட்டுக் கடைசியாகச் சாலாங் சேர்ந்தபோது மணி 1.45. முக்குளிப்புப் படகு காலையிலேயே போய்விட்டது, மறுபடி கிடையாது என்றார்கள்.

அன்றிரவே அடுத்த செய்தி. ஞாயிறு திரும்பும் படகு 2.30க்கு இல்லை, காலை 9 மணிக்கு. காரணம் அதேதான்: மெர்சிங்கில் கடல் ஏறியிருக்கும்போது போய்ச் சேர வேண்டும். விடிந்ததும் பையைக் கட்டினோம். ஓடைப் பாலத்தடியில் படுத்திருந்த பெரிய பெரிய நீர் உடும்புகளைப் பத்து நிமிடம் பார்த்ததுதான் என் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா. அந்த உடும்புகள் மேலும் தங்கியிருந்த விடுதிக்காரர்கள் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கணக்குக்கு வருகிறேன். நீங்கள் விற்றது தீவில் 29 மணி 30 நிமிடம். கிடைத்தது 19 மணி 15 நிமிடம், அதில் பெரும்பகுதி இருட்டு. ரசீதில் தனியாகக் காட்டியிருக்கும் முக்குளிப்பு 35 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். மீதி 154 வெள்ளியில், தீவில் இழந்த நேரத்துக்காக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 51 வெள்ளி. ஆக 86 வெள்ளி, கூடவே அந்த 30 ரிங்கிட். மனவுளைச்சல் என்று சொல்லி ஒரு காசு கூட்டவில்லை.

பற்றுச்சீட்டு ஜனவரி 31 வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று, தியோமனில் பல விடுதிகள் மூடிக்கிடக்கும், படகும் குறைந்துவிடும். இதையும் பார்க்காமல்தான் அனுப்பினீர்களா என்று எனக்குச் சந்தேகம். அதைத் திருப்பி அனுப்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பணத்தை நான் செலுத்திய அதே கணக்குக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் வேண்டாம். உங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கும் பயணத்துறைக் கழகத்துக்கும் ஒரு நகல் போகும்.

இணைப்பு: ரசீது, விளம்பரத்தின் படம், மெர்சிங் நேரப் பட்டியலின் படம், பூங்காக் கட்டணச் சீட்டு, உங்கள் பற்றுச்சீட்டு.

இப்படிக்கு,
உங்கள் பயணி