செயலாளர் அறிக்கை: 2024 ஒக்டோபர் – 2025 செப்டெம்பர்

தலைவி அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பாதியில் விட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இயங்கும் எங்கள் மாதர் சங்கத்தின் இந்த வருட அறிக்கையை வாசிக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். காசுக் கேள்விகளை அவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் பத்துக் கூட்டங்கள் நடந்தன. மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் வெசாக்கும் அடுத்தடுத்து வந்ததால் கூடவில்லை. இன்னொரு மாதம் மழை. மண்டபத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கத்தவர் 63 பேர், கூட்டத்துக்கு வருவது முப்பதுக்குள். தேநீரோடு வடை இருக்கிறது என்று வாட்சப்பில் போட்ட மாதம் மட்டும் 51 பேர் வந்தார்கள்.

சரி, முக்கியமான வேலைக்கு வருகிறேன். பெண்பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் தருவதெல்லாம் எங்கள் வீட்டுக் கதவு வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும் எனப் போன வருடப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு, நவம்பரில் வீடு வீடாகப் போனோம். 6 வயதிலிருந்து 18 வயது வரை 114 பெண்பிள்ளைகள். பெயர், பாடசாலை, தரம், பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு என்று நிரல்கள். கடைசி நிரலுக்கு முதலில் ‘வேறு’ என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டாம் நாளே அதை வெட்டிவிட்டு ‘என்ன தாள் குறைகிறது’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. கொப்பியில் ஆகக் கூடுதலாக நிரம்பியது அந்த நிரல்தான்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது 1945இல். இலவசப் பாடநூல் 1980 முதல், சீருடைத் துணி 1993 முதல் கிடைக்கிறது. இதெல்லாம் ஆண், பெண் என்று பார்க்காமல் பாடசாலைக்குப் போகும் எல்லாப் பிள்ளைக்கும் வருவது. இவற்றை வாங்கத் தனியாகத் தாள் வேண்டியதில்லை, வகுப்பில் இருந்தால் போதும். இந்த வருடச் சீருடைத் துணி முழுவதும் சீனாவின் நன்கொடை. ஆனால் துணி இலவசமே தவிரத் தையல் கூலி இலவசமில்லை. பெண்பிள்ளையின் சட்டைக்கு மடிப்பு வேண்டும், கொலர் வேண்டும், ஆண்பிள்ளையின் சட்டையைப் போல அரை மணித்தியாலத்தில் முடியாது. ஜனவரி கடைசியில் பாடசாலை தொடங்குமுன் எங்கள் இரண்டு மெஷினிலும் 41 சட்டைகள் தைத்துக் கொடுத்தோம். நூல், பட்டன் செலவை மட்டும் வாங்கினோம். அதில் மூன்று சட்டைகள் கட்டையாகிப் போனதற்கு அளவெடுத்த நானே பொறுப்பு.

பெண்பிள்ளைக்கு மட்டுமே உரிய திட்டம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று, 2024இல் கல்வி அமைச்சு தொடங்கிய, மாதவிடாய்ப் பேட் வாங்குவதற்கான வவுச்சர். பின்தங்கிய பகுதிகளிலும் வசதி குறைந்த நகரப் பாடசாலைகளிலும் படிக்கும் எட்டு இலட்சம் மாணவிகளுக்கு, அந்த வருடம் ஆளுக்கு 1,200 ரூபா. 2018 செப்டெம்பரில் செஸ் வரியை எடுக்கும்வரை இறக்குமதிப் பேட்டுக்கு எல்லா வரியும் சேர்த்து நூறு வீதத்துக்கு மேல் அறவிட்ட நாடு இது. அதை நினைத்தால் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தெரிவுசெய்த பாடசாலைகளுக்கு மட்டும் என்பதால், ஒரே சுவரைப் பகிரும் இரண்டு வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்த பிள்ளைகளிடம் கேட்டோம். ஒருத்தி வவுச்சரைக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்து மறந்திருந்தாள். நாங்கள் கண்டுபிடித்தபோது திகதி கழிந்துவிட்டது. இன்னொரு பிள்ளை, ஆம்பிளைகள் நிற்கும் கடையில் அதை நீட்ட வெட்கப்பட்டு அம்மாவிடமும் சொல்லாமல் இருந்தாள். இப்போது வவுச்சர் வந்ததும் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு அங்கத்தவர் கடைக்குப் போகிறார். வவுச்சர் வராத பிள்ளைகளுக்கு ஆடிவேல் நாளில் கடலை விற்ற பணத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். வெட்கப்படாமல் வந்து கேளுங்கள். அலுமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது.

அடுத்தது தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கத் தரம் 6 மாணவிகளுக்கு 2017 முதல் பாடசாலையிலேயே ஊசி போடுகிறார்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. வெளியில் தனியாகப் போட்டால் நம்மால் கட்டுப்படியாகாது. இந்த முறை “அந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது” என்று ஒரு குரல் பதிவு எங்கள் வாட்சப் குழுவிலேயே சுற்றியது. யார் அனுப்பினார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸைக் கூப்பிட்டு மார்ச்சில் ஒரு கூட்டம் வைத்தோம். மிஸ் படம் காட்டி விளக்கினார். அதைவிட, பின்னால் இருந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் எழும்பி, “எனக்கு அந்த வருத்தம் வந்து ஒப்பரேஷன் செஞ்சது. அப்ப இந்த ஊசி இல்ல. இருந்திருந்தா ரெண்டில்ல, இருபதும் போட்டிருப்பன்” என்று சொன்னதுதான் எடுபட்டது. எங்கள் கொப்பியில் உள்ள தரம் 6 பிள்ளைகள் ஒன்பது பேரும் முதல் ஊசி போட்டுவிட்டார்கள்.

இனித் தாள் விஷயம். சாதாரண தரப் பரீட்சை மார்ச்சில். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் இருந்தது, ஆனால் பெயரில் ‘ச’. பாடசாலைப் பதிவேட்டில் ‘ஷ’. இந்த ஒரு எழுத்துக்காக ஒரு காரியாலயத்துக்கு நான்கு தடவை போனோம். முதல் தடவை, படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழ்ப் படிவம் கேட்டபோது, முடிந்துவிட்டது, பிறகு வரும் என்றார்கள். தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. படிவத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இரண்டாம் தடவை கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை. மூன்றாம் தடவை போட்டோ கொப்பி தெளிவில்லை. நான்காம் தடவை யன்னலில் புதிதாக ஒரு தம்பி இருந்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் பேசத் தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் பொருளாளர் அக்காவை உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் பேனை முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டி எழுத வைத்தார். இருபது நிமிடம். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது தாள் கைக்கு வந்தது. ஆக, சட்டம் நான்கு தடவையும் ஒன்றுதான், யன்னலுக்குப் பின்னால் இருந்த ஆள்தான் மாறினார்.

அஸ்வெசும பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி முதல் மிக வறிய பிரிவுக்கு 15,000 ரூபா 17,500 ஆகவும், வறிய பிரிவுக்கு 8,500 ரூபா 10,000 ஆகவும் கூடியது. அஸ்வெசும பெறும் வீட்டுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனை வாங்க 6,000 ரூபாவும் கொடுத்தார்கள். கணக்கு அப்பாவின் பெயரில் இருந்த இரண்டு வீடுகளில் அது கொப்பியாக மாறவில்லை. எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பித்தும் பட்டியலில் வராத ஏழு குடும்பங்களுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். மூன்று சரிவந்தது.

ஒரு அங்கத்தவர் ஜூன் கூட்டத்தில், “இந்தியா டீவியில காலேஜ் போற பொம்பிளப் பிள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூபா குடுக்கிறாங்களே, நம்ம பிள்ளைக்கு எங்க எழுதிப் போடணும்?” என்று கேட்டார். அது தமிழ்நாட்டு அரசின் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டெம்பரில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் மாணவிகளுக்கு, அவர்களுடைய கணக்கிலேயே பணம் விழும். நமக்கு அது இல்லை என்று சொல்லி உட்கார வைத்தோம். ஆனால் ‘அவர்களுடைய கணக்கிலேயே’ என்ற இடம் எனக்கு மனதில் நின்றுவிட்டது. நம் நாட்டில் பல்கலைக்கழகம் போனால்தான் அப்படி ஒரு காசு. ஏப்ரலில் உயர்தரப் பெறுபேறு வந்தபோது எங்கள் தோட்டத்திலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதியான பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க உதவினோம். இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அதை 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலும் 750இலிருந்து 1,500 ஆனது. ஓகஸ்டில் எழுதியவர்களில் இரண்டு பெண்பிள்ளைகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கிறார்கள். இருவரும் இங்கே வந்திருக்கிறார்கள், கைதட்டுங்கள்.

கைதட்ட முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரியிலிருந்து பாடசாலைக்குப் போகாத ஒரு பிள்ளை, 14 வயது. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. அம்மா குவைத்தில். சின்னப் பிள்ளைகளை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்கு 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும். முன்பு கடைக்குட்டிக்கு ஐந்து வயதாக வேண்டும் என்று இருந்தது, 2022இல் இரண்டாகக் குறைத்தார்கள். இந்த வீட்டுக் கடைக்குட்டிக்கு மூன்று. அறிக்கையில் பராமரிப்பாளர் என்று அம்மம்மாவின் பெயர், கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. நாங்கள் போனபோது அம்மம்மா கட்டிலில், காலில் புண்ணோடு. அடுப்படியில் அந்தப் பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். “இப்ப எங்கட கிளாஸ்ல என்ன பாடம் போகுது அன்ட்டி?” என்றுதான் முதலில் கேட்டாள். எங்கள் வருடம் முழுவதும் தாள் இல்லாததால் நின்றுபோன காரியங்களைத்தான் பார்த்தோம். இங்கே எல்லாத் தாளும் சரியாக இருந்தது, பிள்ளைதான் வகுப்பில் இல்லை.

பொலிஸுக்குச் சொல்ல வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போனோம். அவர் வீட்டுக்கு வந்து பார்த்தார், அதிபரோடு பேசினார். தம்பியை முன்பள்ளியில் சேர்த்தோம். அது முடிந்ததும் பிள்ளை பாடசாலை விட்டு வரும்வரை அவனை எங்கள் அங்கத்தவர் ஒருவர் வைத்திருக்கிறார். ஜூனில் அவள் திரும்பப் பாடசாலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் வருவதில்லை, அன்று அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு நாளுக்கு யாராவது கை தூக்க வேண்டும். இதை நான்கு கூட்டத்தில் கேட்டுவிட்டேன்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறிய ஐந்து பிள்ளைகளில் மூவரைக் கார்மென்ட்டுக்கு அனுப்ப வீட்டில் யோசித்தார்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியில் தொழிற்பாடப் பிரிவு இருக்கிறது, அதற்குச் சாதாரண தரம் சித்தியடைந்திருக்கத் தேவையில்லை என்பது பெற்றோருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவரை தெரியாது. இருவர் சேர்ந்தார்கள். ஒருத்தி கார்மென்ட்டுக்குத்தான் போனாள். மாதச் சம்பளத்தோடு வரும் வேலைக்கு எதிராகப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து சின்னப் பிள்ளை ஒன்று பார்த்துத் தரச் சொல்லி எங்கள் அங்கத்தவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021இலிருந்து 16. அப்படி யாராவது கேட்டால், அல்லது ஒரு பிள்ளை கஷ்டப்படுவது தெரிந்தால், 1929 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுங்கள். பெண்களுக்கு 1938. இரண்டு எண்ணும் கதவில் ஒட்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மாலை வகுப்பு மூன்று மாதத்தில் நின்றுபோனது, டீச்சருக்குப் பஸ் காசு கூடக் கொடுக்க முடியவில்லை. மே மாதம் நான் இந்தக் கொப்பியை ஓட்டோவில் விட்டுவிட்டேன். இரண்டு நாள் தூக்கமில்லை. 114 பிள்ளைகளின் விபரம் அதற்குள். ஓட்டோக்காரத் தம்பி உள் அட்டையில் மண்டப விலாசத்தைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து கொப்பி மண்டப அலுமாரியை விட்டு வெளியே போவதில்லை.

இப்போது அது தேநீர் மேசையில் இருக்கிறது. போகும்போது உங்கள் பிள்ளையின் பெயருக்கு நேரே கடைசி நிரலைப் பார்த்து, கிடைத்த தாள்களை வெட்டிவிட்டுப் போங்கள். அடுத்த வருடச் சீருடை அளவையும் பக்கத்தில் எழுதுங்கள், இந்தத் தடவை அளவெடுப்பது நானில்லை. பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

செயலாளர்