உன் படத்தில் வரும் அந்தத் தலையாட்டல்

மாங்குளம்
மாசி மாதம்

அன்பின் யோகன்,

உன் கடிதமும் திரைக்கதையும் கிடைத்தன. இங்கே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல் விலை வழக்கம்போல அறுவடை நேரம் பார்த்து விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் குறைவு. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. மிச்சப் புதினத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் படம்.

'ரெட் ரோட்' பார்த்த பிறகுதான் எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிகிறது. அதில் பிழையில்லை. அன்ட்ரியா ஆர்னோல்ட் 2006இல் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. அந்த வருடமே கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. அது எடுக்கப்பட்ட நிபந்தனைகளை நீ கவனிக்க வேணும். டென்மார்க்கைச் சேர்ந்த லோனே ஷெர்ஃபிக்கும் அண்டர்ஸ் தோமஸ் யென்சனும் பாத்திரங்களை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று புது இயக்குநர்கள் அதே பாத்திரங்களையும் அதே நடிகர்களையும் வைத்து ஆளுக்கொரு படம் எடுக்க வேணும். ஸ்கொட்லாந்திலேயே, ஆறு கிழமைக்குள், டிஜிட்டலில். காசும் நாளும் குறைவாக இருக்கிறவர்களுக்கு இப்படி முதலே எல்லை போட்டுக்கொள்வது பெரிய உதவி. உன் இருபது நிமிடப் படத்துக்கும் மூன்று எல்லை போட்டுவிடு: ஒரு கடை, ஒரு தெரு, ஒரு திரை.

அந்தப் படம் ஏன் மனதைப் பிடிக்கிறது? ஜாக்கி கிளாஸ்கோவின் தெருக்கமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண். வருத்தம் பிடித்த நாயோடு நடக்கும் ஒரு மனிதரை, காதில் பாட்டோடு ஆடியபடி அலுவலகம் துப்புரவாக்கும் ஒரு பெண்ணை அவள் திரையில் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு இருக்கும் துணை அவ்வளவுதான். அதைக் காட்டிய பிறகுதான் கிளைடின் முகம் திரையில் வருகிறது. அவன் அவளுக்கு என்ன செய்தான் என்பதைப் படம் கடைசிப் பகுதிவரை மூடி வைத்திருக்கிறது. போதையில் கார் ஓட்டி அவளது கணவனையும் மகளையும் கொன்றவன் அவன் என்று நமக்குத் தெரியவரும்போது, அவள் செய்த ஒவ்வொன்றையும் நாம் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீயோ முதல் பக்கத்திலேயே பின்னணிக் குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அந்தக் குரலை முழுதாக வெட்டு. (சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தப் படத்தைப் போடாதே. வளர்ந்தவர்களுக்கான காட்சிகள் நீளமாக இருக்கின்றன.)

இனி உன் கதை. கிளிநொச்சி ஹாட்வெயார் கடையில் வேலை செய்யும் பெண், கடைக் கமராவில் ஒருவனைக் காண்கிறாள். 1990களின் கடைசியில் வவுனியாவில் நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடி நின்று தலையை ஆட்டி அவளது அண்ணனைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி அவன்தான் என்று நினைக்கிறாள். இதைவிடப் பொருத்தமான கரு நம் மண்ணில் கிடைக்காது. ஆனால் நீ அவளை முகத்தைப் பார்த்து அடையாளம் காண வைத்திருக்கிறாய். தலையாட்டியின் முகத்தை யார் பார்த்தது? சாக்கும் இரண்டு கண்துளையும்தானே. வரிசையில் நின்றவர்களுக்கும் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் தெரிந்தது அந்தத் தலை எப்படி ஆடியது, அந்த உடம்பு எப்படி நின்றது என்பது மட்டும்தான். ஜாக்கிக்கு முகம் தெரியும், பெயர் தெரியும், வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, அவன் முன்னரே வெளியில் வந்ததும் தெரியும். உன்னுடைய பெண்ணுக்கு ஒரு அசைவு மட்டும்தான் தெரியும். படம் முழுதும் அந்த அசைவில் நிற்கட்டும்.

இதற்குக் கடைக் கமராவே உனக்கு ஒத்தாசை செய்யும். கிளாஸ்கோவில் ஜாக்கி கைப்பிடியைத் திருகினால் கமரா திரும்பும், கிட்டே இழுக்கும். நம்மூர்க் கடைகளில் சுவரில் அறைந்த கமரா அசையாது. சாதாரணமாகப் பூட்டுவது 2 மெகாபிக்சல், 2.8 மில்லிமீற்றர் லென்ஸ். ஏறக்குறைய நூறு பாகை அகலம் பார்க்கும். இருபது மீற்றர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 48 மீற்றர் அகலத்தை 1,920 புள்ளியில் அடக்குகிறது. மீற்றருக்கு நாற்பது புள்ளி. மனித முகத்துக்கு ஆறு, ஏழு புள்ளிதான் மிஞ்சும். திரையில் பெருப்பித்தால் சதுரக் கட்டிகள்தான் வரும். ஆகவே உன் திரைக்கதையில் அவள் சுட்டியை அழுத்த முகம் தெளிவாகிற இடம் பொய். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போகட்டும். போகப் போக உருவம் இன்னும் உடையட்டும். நடிகைக்கு அங்கே வசனம் எதுவும் வேண்டாம்.

கடையை முறிகண்டிக்கு மாற்று. ஏ9 வீதியில் போகிற வாகனம் அங்கே பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போகாது. அதனால் அவன் கிழமைக்கு ஒருமுறை அதே இடத்தில் இறங்குவதற்கு நீ காரணம் தேட வேண்டியதில்லை. தேங்காய் உடைப்பான், கும்பிடுவான், பிறகு கச்சான் கடைக்கு முன்னால் நிற்பான். கச்சான்காரி "ஒரு பையோ?" என்று கேட்பாள். திரையில் அந்தக் கேள்வி கேட்காது. அவன் தலையை ஆட்டுவது மட்டும் தெரியும். உன் பெண் பழக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைக் காணட்டும். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிற இடத்தில் கதை தொடங்குகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். ஒரு தலையாட்டல் அரைச் செக்கன்தான். கடைக்காரர்கள் டிஸ்க் மிச்சம் பிடிக்க டீவீஆரை, அதாவது கமராப் பதிவுப் பெட்டியை, செக்கனுக்கு 6 பிரேமில் வைத்திருப்பார்கள். அப்படியென்றால் மூன்று படம்தான் பதியும்: தலை நேரே, தலை கீழே, தலை நேரே. அதைப் பார்த்து எதையும் உறுதிப்படுத்த முடியாது. அவள் மெனுவுக்குள் போய் 25 பிரேமுக்கு மாற்றட்டும். அடுத்த கிழமை அவன் வரும்போது பன்னிரண்டு படம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நாலு கமரா, 1 டெராபைட் டிஸ்க் என்று வை. கமராவுக்குச் செக்கனுக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு நாலுக்கும் சேர்த்து 43 ஜிகாபைட். 23 நாள் பதிவு நிற்கும். பிரேமோடு தரத்தையும் கூட்டி 4 மெகாபிட் ஆக்கினால் 173 ஜிகாபைட். ஆறு நாள்கூட நிற்காது. டிஸ்க் நிரம்பினால் பழையதன்மேல் புதியது தானாகவே எழுதிக்கொண்டு போகும். அவன் வருவதோ ஏழு நாளைக்கு ஒருமுறை. தெளிவாகப் பார்க்க வேணும் என்று அவள் செய்கிற காரியமே, அடுத்த முறை அவன் வரும்போது முந்தியதை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளால் ஒருநாளும் முடியாது. பென்ட்ரைவில் எடுத்தால் முதலாளிக்குத் தெரியவரும் என்று வைத்தால் உன் இருபது நிமிடத்துக்குப் போதுமான இறுக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. துரத்தல் காட்சி இரண்டையும் எடுத்துவிடு.

படப்பிடிப்பு ஒழுங்கு: முதலில் தெரு, பிறகு முகம். திரையைப் பச்சையாக விட்டுப் பிறகு எடிற்றிங்கில் ஒட்டலாம் என்று நினைக்காதே. நடிகையின் கண் எதையாவது உண்மையாகப் பின்தொடர வேணும். நீயே ஒரு நாலு சனல் டீவீஆரும் இரண்டு கமராவும் வாங்கிப் பூட்டி, தெருக்காட்சி முழுவதையும் அதிலேயே பதிவு செய். வெளியே எடுக்கும்போது பல பெட்டிகள் தங்கள் சொந்த வடிவத்தில்தான் கோப்பைத் தரும். ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பதிவு செய். மூலையில் வரும் திகதியையும் நேரத்தையும் ஒவ்வொரு காட்சிக்கும் முன் கையால் திருத்து. ஒரே பின்னேரம் எடுத்த மூன்று 'செவ்வாய்க்கிழமைகளும்' ஒரே திகதி காட்டினால் பார்க்கிறவர் பிடித்துவிடுவார். கரண்ட் போனால், உள்ளே இருக்கும் காசு அளவு பற்றறி செத்துப்போன பெட்டி, திகதியைப் பழைய தொழிற்சாலைத் திகதிக்குக் கொண்டுபோய்விடும். நம்மூரில் இது அடிக்கடி நடக்கும். சின்ன யூபிஎஸ் ஒன்று போடு.

திரையை உன் கமராவால் எடுக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய ரியூப் லைட் செக்கனுக்கு நூறு தரம் மினுங்கும். 25 பிரேம், ஷட்டர் செக்கனில் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் லைட்டால் தொல்லையில்லை. ஆனால் மொனிட்டர் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸில் ஓடும். அதனால் கறுப்புப் பட்டை திரையில் மெல்ல ஏறும். டீவீஆரின் டிஸ்ப்ளே மெனுவில் 50 ஹேர்ட்ஸ் இருந்தால் தெரிவு செய். இல்லையென்றால் ரியூப்பை அணைத்து, மினுங்காத எல்ஈடி ஒன்றைப் போட்டு, ஷட்டரை அறுபதில் ஒன்றுக்கு வை. மொனிட்டர் வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் குறை. இல்லாவிட்டால் முகம் இருண்டு திரை வெள்ளையாக வெடிக்கும். வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டு. திரையில் அலைக்கோடு விழுந்தால் அரை அடி பின்னால் போ, அல்லது கோணத்தைக் கொஞ்சம் மாற்று.

இரவுப் பதிவை அவள் அடுத்த நாள் காலை பார்க்கிற காட்சி நல்லது, வைத்திரு. அகச்சிவப்பு வெளிச்சத்தில் நிறம் போய்விடும், வேப்பிலை வெள்ளையாகும். கறுப்புச் சட்டையும் துணியின் சாயத்தைப் பொறுத்துச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியலாம். உன் நடிகரின் உடுப்பை முதல்நாளே கமராவுக்கு முன்னால் நிறுத்திப் பார். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டுவதும் வழக்கம். பூச்சி அந்த வெளிச்சத்துக்கு வரும், சிலந்தி பூச்சிக்கு வரும். அந்த இழை திரைக்குக் குறுக்கே வெள்ளைக் கயிறாக ஆடும். அதைத் துடைக்காதே.

ஒலிதான் இந்தப் படத்தின் உயிர். கமராத் திரையிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது. நீ எழுதியிருக்கிற 'திரையில் ஒலிக்கும் உரையாடல்' மூன்றையும் எடுத்துவிடு. அறைக்குள் டிஸ்க்கின் இரைச்சல், சின்ன விசிறி, அவ்வளவுதான். ஒவ்வொரு அறையிலும் ஆட்களை அசையாமல் நிறுத்தி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய். ஒட்டுப்போடும்போது அது இல்லாமல் தவிப்பாய். சீலிங் ஃபான் ஓடினால் வசனம் பழுதாகும், நிறுத்தினால் வெக்கையில் முகம் வியர்த்துக் கொட்டும். உள்காட்சிகளைக் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடி. அவள் முதன்முறை கடையை விட்டு இறங்கித் தெருவைக் கடக்கும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாக வரட்டும்: லொறி ஹோர்ன், தேங்காய் சிதறுவது, மணி, கச்சான் வறுக்கிற சட்டி. காற்றுக் காலத்தில் காவோலை உரசும் சத்தம் மைக்கில் மழைபோலக் கேட்கும் என்பதால் பனைக்குக் கீழே நிறுத்தாதே. சின்ன மைக்கைப் பருத்திச் சேலைக்குள் குத்து, நைலோன் உரசும்.

முடிவு பற்றி. ஜாக்கி பொய்ப் புகார் கொடுத்து, பிறகு அதை மீளப் பெற்று, அவனை நேரே எதிர்கொள்கிறாள். அவளால் அங்கே போய்ச் சேர முடிந்ததற்குக் காரணம், நடந்தது என்ன என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்த தாய்மாருக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆகவே உன் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் அழுது மன்னிக்கிற காட்சி இந்த மண்ணுக்குச் சேராது. அதை நான் மனதார எதிர்க்கிறேன். அவனைக் குற்றவாளி என்று முடிப்பதும் சேராது. பிடிபட்டு, அடி தாங்காமல் சாக்குக்குள் நின்று தலையாட்டியவர்களும் இருந்தார்கள். அவள் கச்சான் கடையடியில் அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்கட்டும். "நீங்கள் வவுனியாவோ?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். அவன் வாயால் பதில் சொல்லட்டும், தலையால் அல்ல. என்ன பதில் என்பதை நீ தீர்மானி, ஆனால் நடிகருக்கு மட்டும் சொல்; நடிகைக்கு முதலே சொல்லாதே.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்காதே. எந்தக் கடையின் உண்மையான பதிவையும் படத்தில் பாவிக்காதே. கடைக்காரர் சம்மதித்தாலும் தெருவில் போனவர்கள் சம்மதிக்கவில்லை. பார்க்கப்பட்டும் பதியப்பட்டும் களைத்த சனம் நம் சனம். பின்னால் நடப்பவர்கள் எல்லோரும் நீ கேட்டு வந்தவர்களாக இருக்கட்டும். பதினைந்து பேர் போதும், உடுப்பை மாற்றி மாற்றி நடக்க விடலாம். கோயிலடியில் எடுப்பதற்கு நிர்வாகத்திடம் எழுத்தில் கேள், வெள்ளிக்கிழமையும் கூட்டமான நாட்களும் வேண்டாம்.

என்னிடம் பழைய நாலு சனல் பெட்டி ஒன்று இருக்கிறது; டிஸ்க் இல்லை, பற்றறி புதிது. வருகிற ஞாயிறு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், சந்தியில் வந்து எடு. திருத்திய பிரதியை, பின்னணிக் குரல் இல்லாமல், பங்குனி நடுவுக்குள் அனுப்பு. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
குமார்